இனித்த தண்ணீர்: வலிகாமத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரியதும் அதன் பின் நடந்ததும்

இது 2021 முதல் 2025 வரை வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வுகூடமொன்றில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் குளத்தின் புனரமைப்புக் குழுவில் இருந்தேன். பிழையான முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். வேறு ஊர்களிலும் இப்போது குளங்களைத் தோண்டுகிறார்கள் என்பதால் இதை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வலிகாமத்தின் வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் செம்மண்ணையும் அதன் கீழே உள்ள சுண்ணக்கல்லையும் கடந்து இறங்கி, கடல் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த வில்லையிலிருந்துதான் குடிக்கின்றன. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு அவ்வளவுக்கு ஏறி வரும். அதனால்தான் குடாநாட்டில் குளங்கள் இவ்வளவு முக்கியம். அவை மழைத் தண்ணீரைக் கடலுக்கு ஓடவிடாமல் மறித்து, மெல்ல மெல்ல நிலத்துக்குக் கொடுக்கின்றன.

எங்கள் குளம் ஏறத்தாழ ஒரு ஏக்கர். கிழக்கே கோயில், தெற்கே வீடுகள், மேற்கே வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டங்கள். கரையில் மாடுகள் உடம்பு உரசுவதற்கு நட்ட ஆவுரோஞ்சிக்கல் ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் ஊர் மாடுகள் எல்லாம் இங்கேதான் தண்ணீர் குடித்தன. இடம்பெயர்வுக் காலத்தில் ஊரே ஆளில்லாமல் கிடந்தது. குளமும் பற்றையாகிப் போனது. திரும்பி வந்து குடியேறியபோது மழைத் தண்ணீர் வரும் பழைய வாய்க்காலின் ஒரு பகுதிக்கு மேலே மதில் ஏறிவிட்டது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஊரில் தண்ணீர்ப் பயம் ஏற்கெனவே இருந்தது. தோட்டங்களில் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருந்தன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது. கூடினால் பால்மாக் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். 2015இல் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டதிலிருந்து, சனம் கிணற்றை எட்டிப் பார்க்கும்போதே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்தது.

2021: தோண்டுவது என்ற முடிவு

வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து காசு அனுப்ப முன்வந்தார்கள். சூம் கூட்டத்தில் அவர்களில் ஒருவர் சொன்ன வசனம் எல்லோருக்கும் பிடித்துப் போனது: "எங்களுக்கும் ஒரு சின்ன இரணைமடு வேணும்." குளத்தை ஆழமாக்கி, பக்கத்தில் வடிகட்டும் தொட்டி ஒன்று கட்டி, வீட்டுக்கு வீடு குடிதண்ணீர் கொடுக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். நல்ல மனதோடு சொன்னார்கள். அதைப் பிழை என்று சொல்ல அன்று எனக்கும் தோன்றவில்லை.

இரணைமடுவின் பெயர் அங்கே சும்மா வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு நிரந்தரக் குடிநீர் கொடுக்க 2010ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் தொடங்கிய திட்டம், கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்திலிருந்து தண்ணீர் எடுப்பதையே முதலில் நினைத்திருந்தது. மழை பொய்த்த வருடங்களில் தங்கள் வயலுக்கே தண்ணீர் போதாது என்று அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. கடைசியில் திட்டம் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பியது. இரணைமடுத் தண்ணீர் வரவில்லை என்ற ஏக்கம் மட்டும் எங்கள் பக்கத்தில் தங்கிவிட்டது.

ஆவணியில் வேலை தொடங்கியது. மண் தோண்டும் இயந்திரமான பெக்கோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு தண்ணீர் என்று நினைத்தோம். மேலே இரண்டடி கறுத்த வண்டல். அதன் கீழே ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். எண்பது வயதைத் தாண்டிய கமக்காரர் ஒருவர் குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பியவை, எங்கட அப்பு காலத்தில கோடையில வண்டலைத்தான் வெட்டித் தோட்டத்துக்குப் போட்டவை. களியில மண்வெட்டி வைக்கிறேல்லை."

"ஏன் அப்பு?"

"அது எனக்குத் தெரியாது. வைக்கிறேல்லை."

அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குக் கேட்கப் பொறுமையில்லை. களியையும் அள்ளினோம். வெள்ளைச் சுண்ணக்கல் தெரிந்தபோது அடித்தளம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, படம் எடுத்து அனுப்பினோம். அள்ளிய மண்ணை வாழைத் தோட்டக்காரர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு முடிவும் அதே கிழமையில் எடுத்தோம். பழைய வாய்க்காலின் மேல் மதில் இருந்ததால், வீதியோர வடிகாலான கானைக் குளத்துக்குத் திருப்பினோம். மதில்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம் என்பதே காரணம். அந்தக் கானில் வேறு என்ன வருகிறது என்று ஒருவரும் நடந்து பார்க்கவில்லை. தண்ணீரோடு முப்பது வருடம் புழங்கிய நானும் பார்க்கவில்லை. நான் இன்றைக்கும் வருந்துவது இதற்காகத்தான்.

முதல் மாரியில் கண்டது

கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழிந்தது. கோயிலில் விசேட பூசை வைத்தார்கள். பூசை முடிந்து நாலாம் நாள், படியில் ஒரு முழம் ஈரம் காய்ந்து தெரிந்தது.

படிக்கட்டில் அங்குலக் கோடு போட்ட தடி ஒன்றை நட்டு, தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். மழை இல்லாத நாட்களில் ஐந்து அங்குலம், ஆறு அங்குலம் என்று இறங்கியது. வெயிலில் வற்றுகிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, குளக்கரையிலேயே ஒரு அகன்ற பேசினில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பேசினில் ஒரு நாளில் குறைந்தது கால் அங்குலமும் இல்லை. ஆக, தண்ணீர் மேலே போகவில்லை, கீழேதான் போகிறது. தை பிறந்தபோது குளத்தின் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது.

கோயில் தர்மகர்த்தா ஒரு பின்னேரம் என் பக்கத்தில் வந்து படியில் இருந்தார். "தம்பி, சிவனே எண்டு கிடந்த குளத்தை நாங்கள்தான் ஓட்டையாக்கிப் போட்டமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஆனால் ஊரில் எல்லோரும் கவலைப்படவில்லை. குளத்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இருந்த கிணறுகளில் நீர்மட்டம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. தெற்கு ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா என்னை மறித்துச் சொன்னார்: "ஐயா, இந்த முறை தண்ணி இனிக்குது. தேத்தண்ணிக்கு மேல ஆடை படியேல்லை." அவர் சொன்னது உண்மை. சுண்ணக்கல்லில் நெடுநாள் நின்ற தண்ணீரில் கல்சியம் கூடுதல். தேத்தண்ணீரில் ஆடை படியும். புது மழைத் தண்ணீர் நேரே கிணற்றுக்கு வந்தால் கல்சியமும் குறையும், நைத்திரேற்றும் குறையும், நாக்குக்கு இனிக்கும். தோட்டக்காரர்கள் குளத்தை இப்படியே விடச் சொன்னார்கள்.

எனக்கு அந்த இனிப்புத்தான் பயத்தைத் தந்தது. மழை பெய்து இரண்டு நாளில் குளத்துத் தண்ணீர் கிணற்றில் இருக்கிறது என்றால், நடுவில் அதை ஒன்றும் மறிக்கவில்லை. கோயில் கிணறு அந்த நாட்களில் மெல்லிய செம்மண் கலங்கலாக இருந்ததையும் பார்த்தேன். முதலில் கையில் இருந்த காகிதக் கீற்றுப் பரிசோதனையைச் செய்தேன். போத்தலில் தண்ணீரும் கீற்றும் போட்டு இருட்டில் வைத்தால், கிருமி இருக்கும் தண்ணீர் கறுக்கும். கோயில் கிணற்றுத் தண்ணீர் மறுநாளே மை போலக் கறுத்தது. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முறைப்படி மாதிரி எடுத்து அனுப்பினார். குளத்தை ஒட்டிய மூன்று கிணறுகளிலும் மலக் கிருமிகள் இருப்பதாக அறிக்கை வந்தது. அந்த மாதத்தில் தெற்கு ஒழுங்கையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்திருந்தது. அதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த வீடுகளின் படலையைத் திறந்து உள்ளே போக எனக்குச் சங்கடமாக இருந்தது.

காரணத்தைத் தேடியபோது

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களைக் கொழும்புக்குத் தண்ணீர் கொடுக்கும் லபுகம நீர்த்தேக்கத்தைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். 1886இல் கட்டி முடித்தது. பிறகு 1950களில் அதன் பக்கத்தில் கலட்டுவாவ வந்தது. இன்று களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுக்கும் தண்ணீர்தான் கொழும்பின் பெரும்பங்கு. ஆனாலும் அந்த இரண்டு நீர்த்தேக்கங்களும் இப்போதும் நகரத்துக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. அன்று என் மனதில் பதிந்தது அணைக்கட்டு அல்ல. சுற்றிலும் காடு. வீடு இல்லை, தோட்டம் இல்லை. தண்ணீர் வந்து விழும் நிலப்பரப்பு முழுவதையும் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். நீரேந்து பகுதியில் அழுக்கு இல்லையென்றால், பிறகு சுத்திகரிக்கிற வேலையில் பாதி குறையும்.

மறுபாதியில் பெரும்பங்கைச் செய்வது நேரம். ஆற்றில் கலங்கி வரும் தண்ணீர் பெரிய தேக்கத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கிறது. மணல் வந்தவுடனே அடியில் விழும். வண்டல் மணிக்கணக்கில் படியும். நுண்ணிய களித்துகள் மட்டும் நாட்கணக்கில் மிதக்கும். அதற்குள் வெயில்பட்டும், இரை கிடைக்காமலும், மற்ற நுண்ணுயிர்கள் தின்றும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி செத்துப் போகும். அதன் பிறகும் அப்படியே குழாயில் விடுவதில்லை. மேல்மட்டத்தில் பாசி இருக்கலாம். அடிமட்டத்தில் ஒட்சிசன் தீர்ந்து, இரும்பும் மங்கனீசும் கரைந்து, கூழ்முட்டை நாற்றம் வரலாம். ஆகவே கோபுரம் போன்ற ஒரு கட்டடத்தில் வெவ்வேறு உயரங்களில் கதவு வைத்து, எந்த மட்டத்துத் தண்ணீர் நல்லதோ அதைத் திறந்து எடுப்பார்கள். பிறகு படிகாரம் போட்டுக் களியைத் திரளச் செய்து படியவிட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து, நகரத்துக்குள் உயரத்தில் இருக்கும் தாங்கிகளுக்கு அனுப்புவார்கள். இரவில் தாங்கி நிரம்பும். விடிய ஊரே எழும்பிக் குழாயைத் திறக்கும்போது அந்தச் சேமிப்புத்தான் ஈடுகொடுக்கும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நான் எங்கள் குளத்துக்கு ஏன் பொருத்திப் பார்க்கவில்லை? கிராமத்துக் குளம்தானே என்று நினைத்துவிட்டேன்.

காவல், நேரம், வடிப்பு மூன்றையும் எங்கள் குளத்திலிருந்து நாங்களே எடுத்திருந்தோம். மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்து தலைமுறைகளாக இறுகிய களிப்படைதான் தண்ணீரை நிறுத்தி வைத்தது. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர்தான் வடிந்து கிணற்றுக்குப் போனது. அது போனதும் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணக்கல் மட்டும் மிஞ்சியது. சுண்ணக்கல் வெடிப்பு என்பது திறந்த குழாய். சுண்ணக்கல் இடிந்து உண்டான ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு எங்கள் நிலத்துக்கு அடியில் எவ்வளவு பெரிய குகைகள் இருக்கலாம் என்று விளங்கும்.

பிறகு அந்தக் கானில் ஒரு நாள் மேல்முனையிலிருந்து நடந்தோம். குசினித் தண்ணீர் விடும் குழாய்கள் மூன்று. ஒரு வீட்டு மலசலகூடக் குழி மாரியில் நிரம்பிக் கானுக்குள் கசிந்து கொண்டிருந்தது. அவர்களுக்கே அது தெரியாது. காட்டியபோது அந்த வீட்டு அக்கா அழுதுவிட்டார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு உடனே எடுத்தது: அந்த மூன்று கிணற்றுத் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போட்டார். அரை மணிநேரம் கழித்து வாளியில் அள்ளிய தண்ணீரில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை நிற்கிறதா என்று நான் பார்த்தேன். மணம் பிடிக்கவில்லை என்று குறை வந்தது. கோயில் கிணற்றில்தான் சிக்கல். அபிஷேகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் மருந்து போடலாமா என்ற கேள்வி எழுந்தது. தர்மகர்த்தா குருக்களோடு பேசி, அன்னதானச் சமையலுக்கும் குடிக்கவும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர் எடுப்பதென்றும், கிணற்றைத் திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் இறைத்துச் சுத்தமாக்கி மருந்து போடுவதென்றும் முடிவு செய்தார். எதிர்ப்பு வரும் என்று பயந்தோம்; வரவில்லை.

இரண்டாவது, வெளிநாட்டு ஊரவர்களிடம் உண்மையைச் சொல்வது. இந்தத் தடவை கணக்கோடு போனேன். ஒரு ஏக்கர் குளத்தில் ஆறடி தண்ணீர் நின்றால் அது 6 ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 7,400 கன மீற்றர். ஊரில் 800 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் 80 கன மீற்றர். மூன்று மாதத்தில் குளம் காலி. வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலும் ஆறு மாதத்தில் மூன்றடி, பாதிக் குளம், யாரும் தொடாமலே போய்விடும். ஆழமில்லாத குளத்தில் தண்ணீர் சூடாகிப் பாசியும் பிடிக்கும். இரணைமடு ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளும். அதற்கு ஒரு ஆறும், காட்டு நிலமும் பின்னால் இருக்கின்றன. எங்கள் குளத்தைக் குடிநீர்த் தேக்கமாக்க முடியாது; மழைநீரைச் சுத்தமாக நிலத்துக்குள் இறக்கும் இடமாக ஆக்கலாம். சின்ன இரணைமடு என்று சொன்னவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, வடிகட்டிக்கு வைச்ச காசைத் திருத்த வேலைக்கு எடுங்கோ" என்றார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது முடிவில்தான் நீண்ட வாக்குவாதம். கோயில்காரருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். தோட்டக்காரருக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். மூன்று கூட்டம் கூடி, குளத்தை இரண்டு பங்காகப் பார்ப்பதென்று முடிவானது. கிழக்கிலும் நடுவிலும் களியைத் திரும்பப் போட்டு நீரை நிறுத்துவது. மேற்கு மூலையில் மட்டும் கல்லை அப்படியே விட்டு, அதன் மேல் சரளையும் பருமணலும் நுண்மணலுமாக மூன்றடி வடிபடை போடுவது. அதற்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த கட்டு; நின்று தெளிந்த மேல்தண்ணீர் மட்டும் அதைத் தாண்டி வடிபடைக்கு வரும். கலங்கல் வராது.

நான்காவது வாய்க்கால். மதில்காரரிடம் நாங்கள் நாலு பேர் போனோம். சண்டை வரும் என்று நினைத்துப் போன இடத்தில், மதிலின் கீழே மதகுக் குழாய் ஒன்று பதிக்க அவர் அன்றைக்கே சம்மதித்தார். முதலே கேட்டிருந்தால் முதலே சம்மதித்திருப்பார். வீதிக் கானைக் குளத்திலிருந்து பிரித்தோம். பழைய வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் மண் படிவதற்கு ஒரு தொட்டியும், பலகை போட்டு மறிக்கும் ஒரு துருசும் கட்டினோம். மாரியின் முதல் இரண்டு மழையும் கோடைக் குப்பையைக் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரைப் பலகை மறித்து வெளியே அனுப்பும். அந்த வீட்டு மலசலகூடக் குழியை ஊர்க் காசில் திருத்திக் கொடுத்தோம்.

2022: திருத்த வேலை

வேலை செய்ய வேண்டிய வருடத்தில் நாட்டில் டீசல் இல்லை. எரிபொருள் வரிசையில் உழவு இயந்திரங்கள் நாட்கணக்கில் நின்றன. களியும் இல்லை, பெரும்பகுதி வாழைத் தோட்டங்களில் பரவி மண்ணோடு கலந்துவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் தன் காணியில் குவித்தபடியே வைத்திருந்தார். அதைத் திருப்பித் தந்தார். ஒரு சதமும் கேட்கவில்லை. போதாத பங்கை வயல் பக்கத்திலிருந்து வாங்கினோம்.

களியை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்க வேண்டும். ரோலர் கிடைக்கவில்லை. களியில் மண்வெட்டி வைக்காதே என்று சொன்ன அதே அப்பு, இந்த முறை குளக்கட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஊர் மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். ஆவணி முழுக்கப் பின்னேரங்களில் பிள்ளைகள் மாடுகளைக் குளத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். நான் பார்த்த வேலைத்தளங்களில் அவ்வளவு கலகலப்பான ஒன்று வேறில்லை. புரட்டாதி முடிவதற்குள் வடிபடையும் துருசும் முடிந்தன.

பின்னர் நடந்தது

2022 மாரியில் குளம் நிரம்பியது. தடியில் நாளுக்கு அரை அங்குலம், சில நாட்களில் அதற்கும் குறைவாக இறங்கியது. வைகாசி வரை தண்ணீர் நின்றது. முதல் இரண்டு கிழமை கலங்கலாக இருந்து, பிறகு படியின் நாலாம் கல் தெரியுமளவுக்குத் தெளிந்தது. 2023 தையிலும் மாசியிலும் எடுத்த மாதிரிகளில் கோயில் கிணற்றிலும் தெற்கு ஒழுங்கைக் கிணறு ஒன்றிலும் மலக் கிருமி இல்லை. மூன்றாவது கிணற்றில் இருந்தது. அந்தக் கிணறு ஒரு பழைய மலசலகூடக் குழிக்கு மிகக் கிட்ட இருக்கிறது. அதனால் குளம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டார் இன்றும் அதைக் குடிக்கப் பாவிப்பதில்லை.

கிணறுகளின் நீர்மட்டம் 2021 போலத் திடீரென்று ஏறவில்லை. மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. தோட்டக்காரர் சிலர் ஏமாந்துபோனார்கள். பங்குனி, சித்திரையில் இறைப்பு உச்சமாகும்போதும் தண்ணீர் உவர்க்கவில்லை என்று அவர்களில் ஒருவரே பிறகு வந்து சொன்னார். அதை நான் அளக்கவில்லை. அவர் நாக்கால் சொன்னது. நைத்திரேற்று கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. உரத்தைக் குறைக்காமல் குளத்தால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது.

தேத்தண்ணீரில் திரும்பவும் ஆடை படிந்தது. தெற்கு ஒழுங்கை அம்மாவுக்கு அது குறைதான்.

2024 கார்த்திகைக் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழை எங்கள் வேலையைச் சோதித்தது. வீதியும் குளமும் ஒன்றாக நின்றன. வெள்ளம் துருசுக்கு மேலால் பாய்ந்தது. ஊரில் இருந்த குழிகள் எல்லாம் நிரம்பின. வெள்ளம் வடிந்ததும் எடுத்த மாதிரியில் மூன்று கிணற்றிலும் கிருமி இருந்தது. 2021இல் இருந்த திகைப்பு இந்த முறை இல்லை. இறைத்து, குளோரின் போட்டு, திரும்பச் சோதிக்கும் வேலையை மாதர் சங்கப் பெண்கள் தாங்களே தொடங்கிவிட்டார்கள். தை மாதத்தில் இரண்டு கிணறுகள் சுத்தமாகின.

அதே 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் என்பது அதன் அளவு. எங்கள் முழுக் குளமும் அதற்கு ஏழரை மணிநேர வேலை. 2025இல் எங்கள் ஒழுங்கைகளுக்கும் குழாய் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுக்கும்படி சொல்கிறோம். குளிக்க, தோய்க்க, தோட்டத்துக்குக் கிணறு. இனிக் குளம் எதற்கு என்று ஒரு இளைஞர் கூட்டத்தில் கேட்டார். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். 2022ஐ நாங்கள் மறக்கக்கூடாது என்றேன். தோட்டங்களும் கிணற்றைத்தான் நம்பி இருக்கின்றன. தம்பி ஏற்றுக்கொண்டாரா தெரியவில்லை. அடுத்த சிரமதானத்துக்கு வந்தார்.

திரும்பச் செய்தால் மாற்றுவது

பெக்கோ இறங்குவதற்கு முன்னர் குளத்தின் நடுவிலும் நாலு மூலையிலும் கையால் சிறு குழிகள் வெட்டி, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு, கல் எங்கே என்று எழுதி வைப்பேன். ஒரு நாள் வேலை. களி தொடங்கும் மட்டத்தில் கொடி நட்டு, அதற்குக் கீழே ஒரு வாளியும் எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். ஆழத்துக்கும் மணித்தியாலத்துக்கும் காசு கொடுக்கும் முறையில் வேலை கொடுக்க மாட்டேன். அந்த முறையில் இன்னும் தோண்டச் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை வரும்.

தோண்டுவதற்கு முந்திய மாரியிலும் கோடையிலும் சுற்றுக் கிணறுகளில் மாதிரி எடுத்து வைப்பேன். 2021க்கு முந்திய கிருமிப் பரிசோதனை எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்றாவது கிணறு எப்போதும் அப்படித்தானா, நாங்கள் கெடுத்ததா என்று அந்த வீட்டாருக்கு உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

மழை பெய்யும்போது குடையோடு வாய்க்காலில் நடப்பேன். கோடையில் நடந்தால் காய்ந்த கான்தான் தெரியும்.

வயதானவர் ஒருவர் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால், வேலையை ஒரு நாள் நிறுத்திக் காரணத்தை நாங்கள் தேடுவோம். அந்த அப்பு 2024இல் காலமானார். கடைசி மாரியில் நிரம்பிய குளத்தை அவர் பார்த்தார்.

இப்போது துருசுப் பலகையின் பூட்டுத் திறப்பு கோயிலில் இருக்கிறது. தடியில் அளவு பார்ப்பது பாடசாலைப் பிள்ளைகள் இருவர். கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் எனக்குக் காட்டுவார்கள். மண் படியும் தொட்டியை ஒவ்வொரு ஆவணியிலும் அள்ள வேண்டும். ஒழுங்கைக்கு ஒரு வருடம் என்று முறை வைத்திருக்கிறோம். அடுத்த முறை தெற்கு ஒழுங்கை.